பென்சன் எடுக்கப் போகிறீர்களா? திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

32 வருடம் மற்றவர்களின் கோவைகளைப் பார்த்துக் கொடுத்தவள் நான். அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். இளைப்பாறப் போகிறவர்களின் கோவைகளைச் சரிபார்த்து அனுப்புவதுதான் கடைசிப் பத்து வருடமும் என் மேசை வேலை. 2023இல் எனக்கே 60 வந்தது. என் முதல் பென்சன் வங்கிக்கு வர ஐந்து மாதம் பிடித்தது. காரணம் வெட்கத்துக்குரியது: ஊரார் கோவையெல்லாம் பார்த்த நான் என் கோவையை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஐந்து மாத அலைச்சலும், அதற்குப் பிறகு வீட்டில் நடந்த வேறு வகை அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பெரும்பகுதி அரச ஊழியர்களுக்கு. தனியாரில் வேலை செய்தவர்கள் 6ஆம் பகுதியிலிருந்து வாசித்தால் போதும். வீட்டு விஷயம் எல்லோருக்கும் பொது.

1. ஒரு வருடத்துக்கு முன்பே கோவையைத் திறந்து பாருங்கள்

உங்கள் சுயவிபரக் கோவை உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும். பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டு, அவர் முன்னிலையில் இருந்து முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை புரட்டுங்கள். அரை நாள் விடுமுறை எடுத்தாலும் பரவாயில்லை. பார்க்க வேண்டியவை இவை: முதல் நியமனக் கடிதம், சேவையில் உறுதிப்படுத்திய கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சைப் பெறுபேறு, ஒவ்வொரு இடமாற்றத்திலும் விடுவித்த கடிதமும் கடமையேற்ற கடிதமும், வருடா வருடம் சம்பள ஏற்றம் கொடுத்த பதிவு, விடுமுறைப் பதிவு. சம்பளமற்ற விடுமுறை எடுத்திருந்தால் அதன் அனுமதிக் கடிதம் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதா, கழிப்பதா என்பது அந்தக் கடிதத்தில்தான் தங்கியிருக்கிறது.

என் கோவையில் ஓட்டை விழுந்த இடம் மூதூர். அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஏழு வருடம் வேலை செய்து, 1999இல் பட்டினத்துக்கு மாற்றலாகி வந்தேன். கோவை என் பின்னாலேயே வந்தது, ஆனால் அந்த ஏழு வருட விடுமுறைப் பதிவு வரவில்லை. 2006 இடப்பெயர்வில் அங்கிருந்த பழைய தாள்கள் பல போய்விட்டன. இல்லாத தாளை எங்கே தேடுவது? கடைசியில், அந்தக் காலச் சம்பளப் பட்டியல்களில் என் பெயர் இருப்பதைக் கணக்குக் கிளையில் தேடிப் பிடித்து, அதைக் காட்டி, அந்த அலுவலகத்தின் இப்போதைய தலைவரிடம் ஓர் உறுதிக் கடிதம் வாங்கினேன். மூன்று தரம் மூதூர் போய் வர வேண்டியிருந்தது. முன்பென்றால் லோஞ்சில் போக வேண்டும், இப்போது பாலங்கள் வந்துவிட்டன, அந்த மட்டில் புண்ணியம்.

இடப்பெயர்வு, சுனாமி இரண்டையும் கண்ட மாவட்டம் இது. கோவையில் ஓட்டை இருப்பது நம்மில் பலருக்கு உள்ளதுதான். அதை அடைக்க ஆறு மாதம் எடுக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இடையில் ஒரு சின்ன விஷயம். இரண்டாம் தரம் போனபோது பஸ் நிலையத்தில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மான் வந்து பையை மோந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கடித உறையின் மூலையைக் கடித்து இழுத்தது. திருகோணமலைக்காரருக்கு மான் புதினமில்லை. ஆனாலும் மூலப்பிரதிகளைப் பொலித்தீன் கோவைக்குள் போட்டு, பை வாயைக் கட்டிக் கொண்டுபோங்கள். மழைக்கும் நல்லது.

2. எல்லாத் தாளிலும் பெயர் ஒன்றா?

இதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், பெண்கள் இன்னும் அதிகம். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயரோடு ஒரு விதம், நியமனக் கடிதத்தில் இன்னொரு விதம், கலியாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் புருஷன் பெயரோடு வேறொரு விதம். என்னுடையதில் ஒன்றில் ‘இராஜேஸ்வரி’, ஒன்றில் ‘ராசேஸ்வரி’. தமிழில் நமக்கு இரண்டும் ஒன்றுதான். கணினியில் ஆங்கில எழுத்தில் பதிந்து, இன்னோர் ஊரிலிருந்து சரிபார்க்கிறவருக்கு இரண்டும் வேறு ஆட்கள்.

ஒரு மாலை நேரம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இவற்றை வரிசையாகப் பரப்பி வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், நியமனக் கடிதம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சின்ன வித்தியாசம் என்றால், ‘இந்தப் பெயர்கள் எல்லாம் குறிப்பது ஒரே ஆளை’ என்று ஒரு சத்தியக்கடதாசி சமாதான நீதவானிடம் முடித்துக்கொள்ளலாம். பிறந்த திகதியே வித்தியாசம் என்றால் அது சத்தியக்கடதாசியால் தீருகிற காரியமல்ல. உடனே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் எந்த நாளில் இளைப்பாறுகிறீர்கள் என்பதே அதில்தான் இருக்கிறது.

சான்றிதழ்களின் பிரதி எடுக்கும்போது ஒன்று எடுக்காதீர்கள். மூன்று எடுங்கள். வேறு மாவட்டத்தில் பதிந்த பிறப்பென்றாலும் அந்த ஊருக்கு ஓடுமுன் இங்குள்ள பிரதேச செயலகத்தில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பல பதிவுகள் இப்போது கணினியில் ஏறிவிட்டன.

இதோடு சேர்ந்ததுதான் விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம். மாதா மாதம் சம்பளத்தில் கழிந்த காசு அது. நீங்கள் கண் மூடினால் உங்கள் துணைக்குப் போகப் போவதும் அதுதான். இலக்கம் இருக்கிறதா, துணையின் பெயர் அதில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். உத்தியோகம் பார்க்கும் பெண்கள் ‘இது விதவைகளுக்கு, எனக்கென்ன’ என்று விட்டுவிடுகிறார்கள். பெண் உத்தியோகத்தரின் கணவருக்கும் 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தால் அந்த உரிமை உண்டு. அந்தச் சட்டத்தின் பெயரில் தபுதாரர், அதாவது மனைவியை இழந்தவர், என்று போட்டிருப்பது அவர்களைத்தான்.

3. விண்ணப்பம்

கட்டாய ஓய்வு வயது 60. 55க்குப் பிறகு விரும்பினால் போகலாம். பென்சனுக்குக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். விண்ணப்பப் படிவம் பி.டி. 3. அதை நிரப்புவது நீங்கள், கணினியில் ஏற்றி அனுப்புவது உங்கள் அலுவலகம், முடிவு செய்வது கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களம். அதற்குப் பிறகு நீங்கள் வசிக்கும் பிரதேச செயலகம் உங்களைப் பொறுப்பெடுக்கும். பட்டினத்தில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.

என் அறிவுரை: 60 முடிய ஆறு மாதம் இருக்கும்போதே நிரப்பிய படிவம் அலுவலக மேசையில் இருக்க வேண்டும். கொடுத்துவிட்டு வராதீர்கள். பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் போய் ‘இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது’ என்று கேளுங்கள். ‘போய்விட்டது’ என்றால் அனுப்பிய திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் மேசைக்கு உள்ளே இருந்தவள் என்பதால் சொல்கிறேன்: சத்தம் போடுகிறவரின் கோவையைவிட, திகதி கேட்கிறவரின் கோவைதான் முதலில் நகரும்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். வங்கியில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இது சரியில்லாமல் அனுமதி கிடைத்த பிறகும் காசு வராமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ‘கெதியாக எடுத்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும்’ என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். எனக்குச் செலவானது போட்டோக்கொப்பி, பஸ், ஆட்டோ, இரண்டு தரம் கொழும்புக்கு இரவு மெயில் ரயில், எல்லாமாகப் பதினெட்டாயிரம் ரூபா அளவில். அந்தக் கொழும்புப் பயணம் இரண்டும் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1970 என்ற இலக்கத்துக்கு அழைத்திருந்தால் இருந்த இடத்திலேயே பதில் கிடைத்திருக்கும். அது திணைக்களத்தின் துரித இலக்கம்.

4. கடனும் இடைக்காலமும்

இடர்க்கடன், வீட்டுக்கடன், பண்டிகை முற்பணம் எது மிச்சமிருந்தாலும் பணிக்கொடையில், அதாவது இளைப்பாறும்போது ஒரே தடவையில் தரும் தொகையில், பிடிப்பார்கள். கடைசி இரண்டு வருடத்தில் புதிய கடன் எடுக்காதீர்கள். அலுவலகத்துப் பொருட்கள், நூலகப் புத்தகம், விடுதி, எல்லாவற்றையும் ஒப்படைத்து ‘ஒன்றும் பாக்கியில்லை’ என்று கடிதம் வாங்குங்கள். அரச விடுதியில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

கடைசிச் சம்பளத்துக்கும் முதல் பென்சனுக்கும் இடையில் ஓர் இடைவெளி வரும். ஒழுங்காகப் போனால் ஒரு மாதம், என்னைப்போல மாட்டினால் ஐந்து. நிலுவை பிறகு சேர்ந்து வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் நிலுவையால் அந்த மாத மின்சாரக் கட்டணத்தைக் கட்ட முடியாது. நான்கு மாத வீட்டுச் செலவை முன்கூட்டியே தனியாக ஒதுக்கி வையுங்கள். நான் ஒதுக்கவில்லை. இரண்டு சோடிக் காப்பு அடகுக்குப் போய்த்தான் வந்தது.

5. பணிக்கொடை: கை வைக்குமுன்

பணிக்கொடை இனாம் அல்ல. இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பலருக்கு இது பென்சன் எடுத்துப் பல வருடமாகியும் தெரியாது. உங்கள் பென்சனைக் கொஞ்சம் குறைத்து, அந்தக் குறைத்த பென்சனின் 24 மாதத் தொகையை ஒரே தடவையில் முன்னதாகத் தருகிறார்கள். உதாரணமாகக் குறைத்த பென்சன் 40,000 ரூபா என்றால் பணிக்கொடை 960,000 ரூபா. 10 வருடம் முடிந்ததும் உங்களுக்குக் குறைக்காத பென்சன் வரத் தொடங்க வேண்டும். ஆகவே அந்தப் பத்தாவது வருடத்தின் மாதத்தை இப்போதே எங்காவது எழுதி வையுங்கள். நான் அலுமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காசு வந்த செய்தி உங்களுக்கு முன்னே ஊருக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதீர்கள். அடுத்த கிழமை மூன்று வகை ஆட்கள் வருவார்கள். வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு குறைகிற சொந்தக்காரப் பெடியன். ‘மேலே ஒரு மாடி போட்டால் வாடகைக்குக் கொடுக்கலாம்’ என்கிற மேசன். மாதம் ஆறு வீதம் வட்டி தருகிற ஏதோ ஒரு கூட்டத்தில் சேரச் சொல்கிற பழைய சிநேகிதி. மூன்று பேருக்கும் என் பதில் ஒன்றாகவே இருந்தது: ‘ஆறு மாதத்துக்கு வங்கியில் போட்டுவிட்டேன், எடுக்க முடியாது.’ உண்மையிலேயே ஆறு மாத நிலையான வைப்பில் போட்டிருந்தேன். பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு இதுதான் வழி.

மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு 1,100,000 ரூபாவரைதான். அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது. தடை செய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களையும் மத்திய வங்கி அவ்வப்போது வெளியிடுகிறது. சிநேகிதி சொன்ன பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

வைப்பு வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். டின் இலக்கம், அதாவது வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், வேண்டும். ஒருதரம் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், வருடா வருடம் கொடுக்க வேண்டும்.

மாடி போடும் யோசனை இருந்தால் முதலில் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் அனுமதிப்பத்திரக் காணிகள் அதிகம். அதில் பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பிறகு உரிமை போய்ச் சேரும் ஆள், பெயர் பதியாமல் காசைக் கொட்டி வீடு கட்டினால் நாளைக்குப் பிள்ளைகளுக்குள் வழக்கு வரும்.

6. தனியாரில் வேலை செய்தவர்கள்

என் கணவர் சீனக்குடாப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தவர். அவருக்குப் பென்சன் இல்லை, ஊழியர் சேமலாப நிதிதான். ஊழியரின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஆண்கள் 55இலும் பெண்கள் 50இலும் எடுக்கலாம். தொழில் திணைக்கள அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியம் இதில் சேராது. முதலாளி கட்டிய அந்த 3 வீதத்துக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். பலர் இதை எடுக்காமலே விடுகிறார்கள்.

மூன்றாவது, சேவைப் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

இங்கேயும் பெயர் வித்தியாசம்தான் முதல் எதிரி. 2ஆம் பகுதியை இவர்களும் வாசியுங்கள். எடுத்த காசு முழுவதும் ஒரே நாளில் கைக்கு வருவதால் 5ஆம் பகுதி இவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பென்சன்காரருக்கு ஏமாந்தாலும் அடுத்த மாதம் ஏதாவது வரும், இவர்களுக்கு வராது.

7. உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுவது

பென்சன் ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அது தொடர்ந்து வர, வருடத்துக்கு ஒருதரம் நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். வருடத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். முன்பு விதானையாரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது பிரதேச செயலகத்தில் விரல் அடையாளம் வைக்கும் முறையும் வந்துவிட்டது.

விரல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கடைசி வருடங்களில் அலுவலகத்தில் காலை வரவுக்கும் விரல்தான் வைத்தோம். 8.31க்கு வைத்தால் பிந்தியதாகச் சிவப்பில் விழும். ஓய்வுக்குப் பிறகு முதல் தரம் பிரதேச செயலகத்தில் விரல் வைத்தபோது இயந்திரம் எடுக்கவில்லை. மூன்று தரம் துடைத்து வைத்தும் எடுக்கவில்லை. காலையில் தேங்காய் உரித்து, மீன் வெட்டி, சாம்பலால் சட்டி தேய்த்த விரல் அது. அங்கிருந்த தங்கச்சி, ‘அன்ரி, மற்றக் கை விரலை வையுங்கோ’ என்றாள். இடது கைப் பெருவிரலில்தான் நான் உயிரோடு இருந்தேன். போகும் நாளில் காலை வேலைகளை மற்றவரிடம் விட்டுவிட்டு, கைக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசித் துடைத்துவிட்டுப் போங்கள்.

நடக்க முடியாதவர் வீட்டில் இருந்தால் விதானையாருக்குச் சொல்லுங்கள், வழி செய்வார்கள். ‘ஓய்வூதியத் திணைக்களத்திலிருந்து பேசுகிறோம், போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். வங்கியும் கேட்காது, திணைக்களமும் கேட்காது.

அதே போக்கில் 60 முடிந்தவர்கள் முதியோர் அடையாள அட்டைக்கும் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் நிற்கும்போது அதன் பெறுமதி தெரியும்.

8. உடம்பு

வேலையில் இருக்கும்போது வராத வருத்தமெல்லாம் இளைப்பாறியதும் வரிசையில் வரும். வரவில்லை, முன்பே இருந்தது, பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான். முதல் மாதத்திலேயே இரத்த அழுத்தம், சீனி, கண் மூன்றையும் பாருங்கள். பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் பதிந்துகொண்டால் மருந்துக்குக் காசில்லை. ஆனால் காலை வெள்ளனப் போய் இலக்கம் எடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சில மருந்துகள் அங்கே இல்லாத நாளும் வரும், அதற்காக மாதம் ஒரு தொகை ஒதுக்கத்தான் வேண்டும்.

அரச ஊழியர்களுக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு. சேர்ந்திருக்கிறீர்களா என்று பென்சன் எடுக்கும்போதே கேட்டு உறுதிப்படுத்துங்கள். தனியார் ஆஸ்பத்திரி போனால் மூலப் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள், பிரதியை ஏற்கமாட்டார்கள்.

நடை என்றால் டச்சுபே கடற்கரையோ உட்துறைமுக வீதியோ. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆறரைக்கு முன் முடித்துவிட வேண்டும், பிறகு வெயில் கொல்லும். நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து போகிறோம். வெள்ளிக்கிழமை மட்டும் நடை பத்திரகாளி கோவிலில் முடியும்.

9. வீடு

படிவமில்லாத பகுதி இது. எனக்கு மிகக் கஷ்டமாக இருந்ததும் இதுதான்.

என் கணவர் எனக்கு ஐந்து வருடம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஐந்து வருடத்தில் குசினி அவருடையதாகிவிட்டது. எனக்கு அது தெரியாது. நான் வேலைக்குப் போன பிறகு உலை வைப்பதும், மத்தியானம் சோறு வடிப்பதும் அவர்தான். நான் இளைப்பாறிய முதல் கிழமை நல்லது செய்வதாக நினைத்து, தூள் டின்களையெல்லாம் கழுவிக் காயவைத்து, பெயர் எழுதி ஒட்டி, உயர வரிசைப்படி அடுக்கினேன். மனுஷன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் சொதிக்குள் மஞ்சளுக்குப் பதில் கறித்தூள் விழுந்திருந்தது. அன்றைக்கு மூன்று பேச்சுத்தான் பேசினோம். பிறகு மீன். அவர் காலையில் சந்தைக்குப் போய் வாங்குவது அவர் விருப்பம், பெரும்பாலும் பாரை. எனக்குச் சூடை. 34 வருடம் கலியாணம் முடித்து, பகல் முழுவதும் ஒரே வீட்டில் இருப்பது இதுதான் முதல் தரம் என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவேயில்லை.

இப்போது மத்தியானச் சமையல் அவருடையது, இரவு என்னுடையது. டின்கள் பழைய இடத்துக்கே போய்விட்டன, நான் ஒட்டிய பெயர்களோடு. செவ்வாயும் சனியும் சூடை. இதையெல்லாம் வாய்விட்டுப் பேசித்தான் தீர்மானித்தோம். நீங்கள் முதல் கிழமையே பேசுங்கள். யார் எப்போது ரேடியோ போடுவது, யார் எந்த அறையில் பகல் தூங்குவது என்பதுவரை.

அடுத்தது பேரப்பிள்ளை. மகள் உப்புவெளியில் இருக்கிறாள், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் இளைப்பாறுமுன்பே ‘அம்மா இனி வீட்டிலேதானே’ என்று முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்தரைவரை, நான்கு மாதம். அலுவலகத்தில் இருந்ததைவிட அதிகம் களைத்தேன். அலுவலகத்திலாவது பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும். கடைசியில் மகளிடம் உட்கார்ந்து கதைத்தேன்: பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்திலிருந்து நான் பார்க்கிறேன், வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, கிளினிக் நாளில் மருமகன் பார்க்க வேண்டும். அவள் முகம் ஒரு கிழமை சரியில்லை. பிறகு சரியாகிவிட்டது. தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்த ஒரு கிழமையும் மிச்சம்.

ஆண்களுக்கு வருவது வேறு. அவர்களை யாரும் பிள்ளை பார்க்கக் கேட்கமாட்டார்கள், சங்கத்துக்குக் கேட்பார்கள். ஆனால் படிவம் எழுதத் தெரிந்தவர் என்றால் பெண்களையும் விடுவதில்லை. முதல் இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த பதவிகள்: முதியோர் சங்கச் செயலாளர், மரண உதவிச் சங்கப் பொருளாளர், ஓய்வூதியர் சங்கத்தில் ஏதோ ஓர் உறுப்பினர். வேலையை விட்டு வந்து சம்பளமில்லாமல் மூன்று அலுவலகம். பொருளாளர் பதவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொடுத்துவிட்டேன். ஓர் இடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். காசுப் பொறுப்பை எடுத்தால் பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் ஐந்து ரூபாவும் வாங்காதீர்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும் ஆசை வரும். முதல் மூன்று மாதம் போகாதீர்கள். நான் மூன்றாம் கிழமையே வடைப் பார்சலோடு போனேன். என் கதிரையில் இருந்த பிள்ளை எழும்பி இடம் தந்தது, எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள், ஆனால் எல்லோருக்கும் வேலை இருந்தது. வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை தாங்கினேன்.

10. அலுமாரியில் ஒரு கோவை

கடைசி வேலை இது, அரை நாளில் முடியும். ஒரு சிவப்புக் கோவை வாங்கி அதில் இவற்றைப் போடுங்கள்: பென்சன் இலக்கமும் அனுமதிக் கடிதமும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், விவாகச் சான்றிதழின் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்களின் முதல் பக்கம், எந்த வைப்புக்கு யார் பின்னுரித்தாளர், காணிப் பத்திரத்தின் பிரதி, கிளினிக் கொப்பியின் பிரதி. முன்பக்கத்தில் ஒரு தாளில், நீங்கள் கண் மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். மரணச் சான்றிதழ் எடுத்ததும் முதலில் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் வருகிற பென்சனை எடுத்துக்கொண்டிருந்தால் பிறகு திருப்பிக் கட்ட வேண்டி வரும், துணைக்கு வர வேண்டியதும் இழுபடும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்த மருத்துவ அறிக்கைகளையும் இதிலேயே வையுங்கள்.

நான் இதை ஒரு சனிக்கிழமை செய்தேன். மகள் பார்த்துவிட்டு, ‘நல்ல நாளும் அதுவுமாக என்ன எழுதிக்கொண்டிருக்கிறீங்கள்’ என்று ஏசினாள். கணவர் வந்து எட்டிப் பார்த்து, தன்னுடைய சேமலாப நிதித் தாள்களையும் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டு, முதல் பக்கத்தில் 1970 என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே மீன்காரனின் போன் இலக்கத்தையும் எழுதினார்.